பூட்டு வைக்காத கத்தி

அது எனக்கு நாலாவது சம்மன். வண்ணார்பேட்டையில் மடக்குக்கத்தி செய்கிறவன் நான் ஒருவன்தான். அதனால் எவன் எவனைக் குத்தினாலும், "கருத்தையா, இது உம்ம கத்தியா?" என்று கேட்கக் கூப்பிட்டுவிடுகிறார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே அம்பு செய்தவனைப் போட்டு நோகடிக்கிறார்கள். அலுத்துப்போய்விட்டது எனக்கு.

கோர்ட்டுக்கு என்னை பைக்கில் கொண்டுவந்து விட்டவன் இசக்கிதுரை, என் மனைவி பிரேமலதாவின் தம்பி.

"அத்தான், ஆமா என் கத்திதான்னு சொல்லிட்டு வந்துருங்க. வேற ஒண்ணும் பேசாதீங்க" என்றான்.

"நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கும்" என்றேன். அவன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன். ஒன்றரை வருஷமாக அப்படித்தான்.

இந்த வழக்கு ஒன்றரை வருஷத்துக்கு முந்தியது. முக்கூடலில் வாழைக்காய் வியாபாரி வேதநாயகத்தை ஒரு சாயங்காலம் யாரோ குத்திக் கொன்றார்கள். அன்று காலையில் எல்லார் முன்னாலும் அவரிடம் சண்டை போட்டவன், தார் சுமக்கும் சுடலைக்கண்ணு. போலீஸுக்கு அது போதும். வாய்க்காலில் கத்தியும் கிடைத்தது. அன்றிலிருந்து அவன் பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கிறான்.

அதே சாயங்காலம்தான் இசக்கிதுரை கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான். வாழையிலை அறுக்கும்போது கத்தி பட்டுவிட்டது என்றான். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நர்ஸ் கேட்டபோது, "இலை அறுத்ததுல பட்டுட்டு" என்று சொன்னதும் நான்தான். துண்டை அவிழ்த்த பிறகுதான் பார்த்தேன். வலது கை. நாலு விரலிலும் உள்பக்கம் ஒரே கோடாக அறுந்திருந்தது.

இலை அறுக்கிறவன் இடது கையால் இலையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அறுப்பான். பட்டால் இடது கையில்தான் படும். இது ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

என் பாட்டன் செய்த கத்தியில் அலகை இறுக்கிப் பிடிக்கும் வில் கிடையாது. அலகு தானாகத் திறந்து இடுப்பைக் கீறும். அப்பா முதுகில் வில்தகடு வைத்தார். திறந்த அலகு மடங்காதபடி ஒரு பூட்டும் வைத்தார். பூட்டுக்கத்தி என்று அதற்கு நல்ல பெயர். நல்ல பெயரோடு இரண்டு கொலைவழக்கில் அது கோர்ட்டு மேஜைக்கும் வந்தது. அப்பா போன பிறகு நான் பூட்டை எடுத்துவிட்டேன். வில் மட்டும் போதும். இலை அறுக்கலாம், பாக்கு நறுக்கலாம், செடிக்கு ஒட்டுக்கட்டலாம். ஓங்கிக் குத்தினால் மட்டும் அலகு மடங்கிக் குத்தினவன் விரலிலேயே விழும். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். அரசு வக்கீல் கத்தியைக் காட்டினார். கைப்பிடியில் என் பட்டறை அடையாளமான மூன்று புள்ளி இருந்தது.

"உம்ம கத்திதானா?"

"ஆமாய்யா."

"சரி, போகலாம்."

போயிருக்கலாம். கூண்டில் சுடலைக்கண்ணு எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டபடி நின்றான். பத்து விரலும் முழுசாக இருந்தன. காய்ப்பு ஏறிய விரல்கள்; ஒரு வெட்டுத்தழும்புகூட இல்லை. இனி ஒரு நாள்கூட இதைச் சுமக்க என்னால் முடியாது என்று தோன்றியது.

"அய்யா, இந்தக் கத்தியில பூட்டு கிடையாது. இதை வச்சுக் குத்துனா மடங்கி, குத்துனவன் விரலை அறுத்துரும். இவன் விரலைப் பாருங்க" என்றேன்.

நீதிபதி கத்தியை வாங்கி மேஜை விளிம்பில் முனையை வைத்துப் பைய அழுத்தினார். அலகு மடங்கியது. சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார்.

"அப்படி அறுபட்ட விரலை நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

பிரேமலதாவை நினைத்துக்கொண்டேன். தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். இன்று காலையில் அவள் போட்ட சோறுதான் அந்த வீட்டில் எனக்குக் கடைசிச் சோறோ என்னவோ.

"பார்த்திருக்கேன்யா. எம் பொண்டாட்டிக்குத் தம்பி இசக்கிதுரை. அவனுக்கும் வேதநாயகத்துக்கும் வரப்புத் தகராறு உண்டு. ஆஸ்பத்திரியில பொய் சொன்னது நான்."

"அவர் எங்கே இருக்கார்?"

"வெளிய நிக்கான்யா."

வராண்டாவுக்கு வந்தேன். இசக்கிதுரை எனக்காக வாங்கிய டீயை இடது கையில் வைத்துக்கொண்டிருந்தான். வலது கை விரல்கள் அவனுக்கு இன்னும் சரியாக மடங்குவதில்லை.

"முடிஞ்சுதா அத்தான்? டீ ஆறிட்டு, குடிங்க."

வாங்கிக் குடித்தேன். பாதி குடிக்குமுன் கோர்ட்டு டவாலி வாசலில் வந்து நின்று இசக்கிதுரையின் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்.