உதட்டுப் பிரெஞ்சு

என் கணவர் ராத்திரி பஸ் ஓட்டுகிறவர். நான் மருந்துக்கடையில் அரைநாள் வேலை முடித்து வீடு திரும்பும்போது அவருக்கு நடுஜாமம். மாமியாரோடு சேர்த்து எங்கள் மூன்று பேருக்கும் இருப்பது ஓர் அறை, ஒரு சமையலறை. நடுவே கதவு கிடையாது, திரைச்சீலைதான். தூக்கம் கெட்ட டிரைவரை நம்பி ஒரு பஸ் ஜனம் ஏறுகிறது என்று என் மாமியார் அடிக்கடி சொல்வார். அதனால் எங்கள் வீட்டில் கரண்டிகூட மரியாதையாகத்தான் பாத்திரத்தில் படும்.

அந்த வீட்டில் இருந்துகொண்டு நான் பிரெஞ்சு படித்தேன்.

மொழிப்பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியை ஆக வேண்டும், அதுதான் என் ஆசை. தபால்வழியில் படித்தவள் நான். எழுத்துத் தேர்வில் முதல் இடம். ஆனால் அந்த மொழியைக் காதால் கேட்டவள் இல்லை. முதல் நேர்முகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார்கள். எழுதியிருந்த அத்தனை எழுத்தையும் ஒன்று விடாமல் வாசித்தேன். பிரெஞ்சுக்காரர்களோ சொல்லின் கடைசியில் ஓர் எழுத்தை எழுதிவிட்டு அதை வாயால் சொல்வதேயில்லை, விலை கொடுத்து வாங்கிய சாமானைக் கடையிலேயே விட்டுவருகிற மாதிரி. அன்றைக்கு என்னை நாசூக்காக அனுப்பிவைத்தார்கள். இன்னும் ஒரே ஒரு தடவைதான் வரலாம், அதிலும் தவறினால் அந்தப் பள்ளியின் கதவு எனக்கு இல்லை என்றார்கள்.

வந்த ஆத்திரத்தில் அடியிலிருந்து தொடங்கினேன். காதில் ஹெட்போனை மாட்டி பிரெஞ்சுப் பாட ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த கண்ணாடி முன் நின்றேன். பிரெஞ்சில் ஓர் உயிரொலி உண்டு. நாக்கு 'ஈ' சொல்ல வேண்டும், உதடு 'ஊ' சொல்ல வேண்டும். ஒரே வாய்க்குள் இரண்டு எஜமானர்கள். இன்னொன்று மூக்கு வழியாகப் போகும், ஆனால் முடிவில் 'ன்' என்று நாக்கு மேலே ஒட்டக் கூடாது. எல்லாவற்றையும் சத்தமில்லாமல் உதட்டாலேயே பழகினேன். பகலில் அவர் தூக்கம், ராத்திரியில் மாமியார் தூக்கம், கடையில் கூட்டம், தெருவில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தால் பைத்தியம் என்பார்கள். வேறு வழி இல்லை.

ஒருநாள் மாமியார் நான் கண்ணாடி முன் வாயைக் குவிப்பதையும் இழுப்பதையும் பார்த்துவிட்டு, பல்வலி என்று நினைத்து வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்தார். விஷயத்தைச் சொன்னேன். அந்த மொழியில் உயிரில்லாத பொருளுக்கும் ஆண் பெண் உண்டு, மேசை பெண், கட்டில் ஆண் என்று விளக்கினேன். அவர் திரைச்சீலைப் பக்கம் பார்த்தார்.

"கட்டில் ஆம்பளைன்னு நான் அப்பவே நினைச்சேன். பகலெல்லாம் படுத்தே கிடக்குது" என்றார்.

சிரிப்பையும் சத்தமில்லாமல்தான் சிரித்தோம்.

இரண்டாவது நேர்முகம் வந்தது. நீளமான மேசை, பின்னால் மூன்று பேர். நடுவில் பள்ளித் தலைவி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு மேலாகப் பார்க்கிறவர். ஒரு பத்தியைத் தந்தார்கள். காலையில் கடை திறக்கும் ஒரு ரொட்டிக்காரனைப் பற்றியது. நான் வாசித்தேன். அப்படி ஒரு வாசிப்பு. தூங்க வேண்டிய எழுத்தெல்லாம் தூங்கியது. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கிய இடத்தில் எழுந்து வந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டது. எனக்கே புல்லரித்தது. முடித்துவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தேன்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?" என்றார் தலைவி.

எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது காதுமடல் கொதித்தது. முழுப் பத்தியையும் உதட்டாலேயே வாசித்திருக்கிறேன். எனக்குள் கணீரென்று கேட்டது ஒரு பொட்டுகூட வெளியே வரவில்லை. ஓரத்தில் இருந்த தாடிக்காரர் இருமுவதுபோலச் சிரித்தார். உண்மையில் அதைவிட வேறொன்றுதான் என்னை உலுக்கியது. இந்த ஒலிகளை நான் ஒருமுறைகூடக் குரலில் போட்டுப் பார்த்ததில்லை. உதடு சரி, தொண்டை என்ன செய்யும் என்று அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

பொய் சொல்லத் தோன்றவில்லை. வீட்டில் பகலில் தூங்குகிறவர் இருக்கிறார், ஊமையாகவே படித்தேன், பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது என்றேன். தலைவி சிரிக்கவில்லை.

"உங்க உதட்டைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். ஒரு இடத்துலயும் தப்பா போகல" என்றார். "இப்ப எங்க காதுக்கும் கொஞ்சம் குடுங்க."

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்கினேன். முதல் சொல் கதவிடுக்கில் மாட்டிய பூனைமாதிரி கீச்சிட்டது. இரண்டாவது நடுங்கியது. மூன்றாவதில் அந்த இரண்டு எஜமானர் ஒலி வந்தது; நாக்கும் உதடும் தத்தம் இடத்துக்குத் தாமாகவே போய் நின்றன, குரல் நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை. இத்தனை மாதம் விழுங்கி வைத்திருந்த சத்தம் எல்லாம் சேர்ந்து வந்தது. ரொட்டிக்காரன் கடையைத் திறந்தான், ஊரே எழுந்தது. வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை.

முடித்தபோது தாடிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். தலைவி கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். பிள்ளைகள் கூச்சல் போடும் வகுப்பு, சமாளிக்க முடியுமா என்று முதலில் கேட்பதாக இருந்தாராம். இனி அந்தக் கேள்வி வேண்டியதில்லை, திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றார்.

நடைவழிக்கு வந்து கைபேசியை எடுத்தேன். நல்ல பகல். கல்யாணமான நாளிலிருந்து அந்த நேரத்தில் அவரை நான் எழுப்பியதே இல்லை. மணி அடிக்க அடிக்க நின்றேன். எடுத்தார். ஹலோகூடச் சொல்லவிடாமல், பிரெஞ்சில், முழுக்குரலில், நடந்ததை எல்லாம் கொட்டினேன்.

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது.

"ஒரு வார்த்தை புரியல" என்றார் தூக்கக் குரலில். "ஆனா வேலை கிடைச்சிடுச்சுன்னு தெரியுது. இன்னொரு தடவை சொல்லு. அம்மாவையும் கூப்பிடுறேன்."