சுண்டுவிரலில் பட்டது

1

இந்தக் கதை நானாகத் தேடிப் போனதல்ல. நகராட்சித் தேர்தலில் நிற்கிற ஒரு பெண்மணிக்கு மேடைப் பேச்சு எழுதிக் கொடுக்கிறவன் நான். முன்னாள் கைப்பந்து வீராங்கனை. அணியில் அவருக்குப் பெயர் நெட்டை. ‘நேர்மையே இவர் உயரம்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். பேனாவால் அடித்துவிட்டு, “இது மட்டும் வேண்டாம் சார்,” என்றார். ஏன் என்று கேட்டுத் தொலைத்தேன்.

முதல் தொடக்கம்: ‘வலைக்கு மேலே அவள் ஒரு பறவையாக—’

(வேண்டாம். முட்டி தேய்ந்து, படியில் பக்கவாட்டாக இறங்குகிறவர். பறவை என்றால் அவரே சிரிப்பார்.)

2

நடந்தது இவ்வளவுதான். இறுதி ஆட்டம், கடைசி செட், இவர்கள் பதினான்கு, அவர்கள் பதிமூன்று. எதிரணிப் பெண் ஓங்கி அடித்த பந்து, தடுக்க எழும்பிய நெட்டையின் சுண்டுவிரலை உரசிக்கொண்டு கோட்டுக்கு வெளியே விழுந்தது. விரலில் பட்டால் புள்ளி அவர்களுக்கு; படாவிட்டால் இவர்களுக்கு, கோப்பையும். நடுவர் பார்க்கவில்லை. இவர் சொல்லவில்லை. கோப்பை வந்தது, அதன் பின்னாலேயே அலுவலக வேலை, அணித்தலைமை, கடைசியில் வீடு தேடி வந்த கட்சிக்காரர்கள்.

3

அந்த எதிரணிப் பெண் இப்போது இவருடைய வார்டில் தையல் கடை வைத்திருக்கிறார். பிரசாரத்துக்கு நடுவே நெட்டை அங்கே போனார்.

(இங்கே என் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஓட்டுக்காகப் போனாரா, மன்னிப்புக்காகவா? அவரிடமே கேட்டேன். “ரெண்டுக்கும்தான்,” என்றார்.)

“அன்னிக்கு பந்து என் விரல்ல பட்டுச்சுடி.”

தையற்காரி வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

“தெரியும். விரல் வளைஞ்சத நான் பாத்தேன்.”

“அப்போ ஏன் சொல்லல?”

“சொன்னேனே! எவ நம்புனா? தோத்துட்டு சாக்கு சொல்லாதேன்னு எங்கப்பாவே திட்டுனாரு. அதோட பந்தத் தொடல நான்.”

‘இருவரும் கட்டிப்பிடித்து அழு—’

இல்லை, அழவில்லை. தையற்காரி நாற்காலியில் கிடந்த துணிகளை ஒதுக்கினார். “உக்காரு மொதல்ல. நடையிலேயே தெரியுது, முட்டி போச்சுன்னு.”

“நான் என்ன செய்யணும், சொல்லு.”

“அப்பா எதுத்த வீட்டுலதான் இருக்காரு. அவர்கிட்ட சொல்லு.”

4

ஒன்றை மட்டும் தையற்காரி சொல்ல மறந்திருந்தார். அப்பாவுக்குக் காது அறவே மந்தம்.

நெட்டை மெல்லச் சொன்னார். “என்ன?” என்றார் பெரியவர். கொஞ்சம் உரக்கச் சொன்னார். “யாருக்குப் பட்டுச்சு?” என்றார். எங்கள் பிரசார வண்டிக்காரர் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க, சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்க, வேட்பாளர் வாசலில் நின்று கத்தினார்:

“உங்க பொண்ணு பொய் சொல்லலப்பா! பந்து என் விரல்ல பட்டுச்சு! நான்தான் மறைச்சேன்!”

பெரியவர் அவரைத் தாண்டி, மெல்லத் தெருவைக் கடந்து கடை வாசலுக்குப் போனார்.

“அன்னிக்கு சாப்பிடாமலே படுத்துட்டியேம்மா.”

“அது எப்பவோப்பா,” என்றார் மகள். அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். (அ) உண்மை சொன்னவர் என்று ஊர் அவரை ஜெயிக்க வைத்தது. (ஆ) ‘ஏமாற்றி வென்றவர்’ என்று எதிர்க்கட்சி துண்டறிக்கை அடித்தது; தோற்றார்.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. அந்தத் தெருவில் உங்கள் சன்னலும் திறந்திருந்து, அந்தக் கத்தலை நீங்களும் கேட்டிருந்தால், யாருக்குப் போட்டிருப்பீர்கள்?

என்னிடம் சொல்ல வேண்டாம். அது உங்கள் ரகசியம்.