திருத்தி அனுப்பியது

…அதுவும் அந்தப் புள்ளிகள், மூன்று போதாதென்று ஏழு எட்டு, ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாவிட்டால் உடனே கோலம் போட உட்கார்ந்துவிடுவதா, "ஓகே......" என்று ஒரு பதில், ஓகே என்றால் ஓகே, பின்னால் எதற்கு அந்த வால், அப்புறம் எதையெடுத்தாலும் "ஆக்சுவலா", "பேசிக்கா", "வேற லெவல்", காதுகுத்துக்கும் கருமாதிக்கும் ஒரே பூச்செண்டுப் படம், இரங்கல் என்று எழுதச் சொன்னால் "ஆழ்ந்த இறங்கல்" என்று எழுதிக் கிணற்றுக்குள் இறங்கிவிடுகிறார்கள்… இப்படி யாரையோ மனசுக்குள் திட்டிக்கொண்டே பஸ்ஸில் சிங்காநல்லூரிலிருந்து ஒண்டிப்புதூர் வரை வந்துவிட்டேன். திட்டிக்கொண்டிருந்தால் பயம் தெரிவதில்லை, அதுதான் விஷயம். எனக்கு அறுபத்தொன்று ஆகிறது, டவுனில் ஓர் அச்சகத்தில் முப்பத்து நாலு வருஷம் புரூஃப் பார்த்து ரிட்டையர் ஆனவன், பாலுசாமி பார்த்தால் பிழை இருக்காது என்று பேர் வாங்கியவன், இந்த வயதில் ஒரு வீட்டுக்குப் போக இப்படித் தயங்கலாமா? யாரோ வீடா, பெரியப்பா மகன் வீடு, சூலூர் அங்கப்பண்ணன் வீடு. அண்ணன் போய் எட்டு நாள் ஆகிறது, துக்கம் கேட்க இன்றைக்குத்தான் போகிறேன். அண்ணனின் மகள் லோகப்பிரியா என் முகத்தைப் பார்த்துப் பேசுவாளா மாட்டாளா, எனக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான். கண் ஆபரேஷனுக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டிருந்தேன், பக்கத்து சீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, எழவுக்குப் போறீங்களா?" என்று கேட்டார், ஆமாங்க என்றேன், "அழுவாதீங்க, நம்ம கையில என்னுங்க இருக்குது" என்றார். நான் எங்கே அழுதேன், சொட்டு மருந்து வழிகிறது. ஆனாலும் சரிங்க என்று தலையை ஆட்டினேன்.

அந்தப் புதன்கிழமை காலை. முந்தின நாள்தான் இடது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள், ஒரு வாரம் போனைத் தொடக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார், சாந்தாமணி போனைக் கொண்டுபோய் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள், என் மனைவி என்னை அறிந்தவள், ஆனால் நானும் அவளை அறிந்தவன் இல்லையா. அவள் குளிக்கப் போன நேரம் எடுத்துவிட்டேன். ஒற்றைக் கண்ணால் பார்க்கிறேன், பங்காளிகள் குரூப்பில் ஒரு செய்தி. "அது வந்து எல்லாருக்கும் வணக்கம் அப்பா வந்து ஆஸ்பத்திரில வந்து காலைல வந்து மூச்சு ம் ம் அப்பா வந்து இறந்துட்டாருங்க எல்லாருக்கும் சொல்லிருங்க". முற்றுப்புள்ளி இல்லை, காற்புள்ளி இல்லை, "ம்" வேறு இரண்டு. எனக்குக் கை அரித்தது. புரூஃப் பார்க்கிறவன் பொருளைப் படிக்கக்கூடாது, பொருளில் கால் வைத்தால் எழுத்து நழுவிப்போகும், எங்கள் தொழிலில் புதிதாக வந்தவனுக்கும் இது தெரியும். ஒரு கையில் டீ கிளாஸ், ஒரு கையில் சிவப்புப் பேனா, எத்தனை கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் பார்த்திருப்பேன், செத்தது யார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, எந்த வரியில் ஒற்று விட்டிருந்தது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன். அதே கை, அதே பழக்கம். "'வந்து' ஐந்து இடங்களில் தேவையில்லை, நீக்கவும். கீழ்க்கண்டவாறு இருக்கலாம்: அப்பா இன்று காலை மருத்துவமனையில் இறந்துவிட்டார். அனைவருக்கும் தெரிவிக்கவும்." அனுப்பிவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பல்லிடுக்கில் சிக்கியதை எடுத்துப்போட்ட மாதிரி ஒரு திருப்தி. அப்புறம்தான் யார் எழுதியது என்று மேலே பார்த்தேன். லோகப்பிரியா. லோகப்பிரியாவின் அப்பா யார் என்று ஒரு கணம்… நிஜமாகவே ஒரு கணம் யோசித்தேன். அழிப்பதற்குள் இருபத்திரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். அழித்தாலும் இங்கே ஒன்று அழிக்கப்பட்டது என்று வாட்ஸ்அப்காரன் ஒரு வரியை விட்டுவைக்கிறான் பாருங்கள், அவன் நாசமாய்ப் போக.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. "ஏனுங்க சித்தப்பா, உங்களுக்கு அறிவிருக்குதா" என்று எவனாவது ஒருவன் கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். லோகப்பிரியாவின் வீட்டுக்காரர் மனோஜ்குமார் மட்டும் ஒரு கும்பிடு படம் போட்டார், அந்தக் கும்பிடு யாருக்கு, இரங்கல் சொன்னவர்களுக்கா, இல்லை, போதும் சாமி விட்டுவிடுங்கள் என்று எனக்கா? அதைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, இரண்டு நாள் பார்த்தேன். சுடுகாட்டுக்கும் போகவில்லை. பங்காளி காட்டுக்குப் போனால் வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார், நியாயமான காரணம், பொய் இல்லை, ஆனால் அந்தக் காரணம் இருந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்பது எனக்குத்தான் தெரியும். சாந்தாமணி போய்விட்டு வந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன், "ஒருத்தரும் ஒண்ணுஞ் சொல்லலீங்க, எழவு ஊட்டுல உங்களப் பத்தித்தான் பேசிட்டிருப்பாங்களாக்கும்" என்றாள். பேசவில்லை என்றால் பேச முடியாத அளவுக்குக் கோபமா? வெள்ளிக்கிழமை துக்கம் கேட்கப் போகக்கூடாது. சனி ஆகாது. ஞாயிறு கண்ணில் நீர் வடிந்தது. திங்கள் ஏதோ சொன்னேன், செவ்வாய் போகவே கூடாது, நேற்று சும்மா படுத்துக்கொண்டேன். இன்று காலை அவள் சட்டையைத் தூக்கி என் மேல் போட்டாள். "எந்திரிச்சுப் போங்க மொதல்ல. போயி கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாங்க. வாய மட்டும் தொறந்து யாருக்கும் தமிழ் சொல்லிக் குடுத்துப் போடாதீங்க." ஒரு சொல்லை ஐந்து இடம் என்று எண்ணிச் சொன்னவனுக்கு இது வேண்டும்தான்.

சூலூரில் இறங்கி நடந்தேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம், அண்ணன் வீட்டுத் தறிக்கூடம் மட்டும் சாத்திக் கிடந்தது, மேலே ஒரு விமானம் தாழப் போனது, அது போய் முடிகிற வரைக்கும் வாசலிலேயே நின்றேன், அதையும் ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். திண்டாட்டம் என்னவென்றால், இழவு வீட்டில் வாங்க என்று கூப்பிட மாட்டார்கள், கிளம்பும்போது போய்ட்டு வாரேன் என்று நாமும் சொல்லக்கூடாது, அதுதான் முறை. தெரியாததா எனக்கு, எத்தனை வீடு ஏறி இறங்கியிருக்கிறேன். இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தபோது, வாய் நிறைய வாங்க என்கிற ஊரில், வழியில் போகிறவனைக்கூட "வாங்க, தண்ணி குடிங்க" என்கிற வீட்டில், அண்ணனின் மனைவி தெய்வாத்தாள் நங்கை தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டபோது, வைத்த காலைத் திரும்ப எடுக்கப் பார்த்தேன். இது முறைக்காக மூடிய வாயா, என் மேல் கோபத்தில் மூடிய வாயா? எதை வைத்துப் பிரிப்பது? நாற்காலி போட்டது மனோஜ்குமார். மெதுவாகப் போட்டாரா, இழுத்துப் போட்டாரா… கொஞ்சம் சத்தம் கேட்டது, தரை டைல்ஸ், சத்தம் கேட்கத்தான் செய்யும். உட்கார்ந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நங்கையின் முழங்கை என் பக்கம் இல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது, எப்போதும் அப்படித்தான் உட்காருவார்களா? லோகப்பிரியா உள்ளேயிருந்து வந்தாள், வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள், முகம் வீங்கியிருந்தது, என்னைப் பார்த்தாள், ஆனால் கறுப்புக் கண்ணாடிக்குள் நான் அவளைப் பார்க்கிறேனா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கழற்றலாமா? கழற்றினால் பார்க்க வேண்டி வரும். கழற்றவில்லை.

நங்கைதான் ஆரம்பித்தார்கள், துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்கிறார்கள், இதுவும் முறைதான், செவ்வாய்க்கிழமை ராத்திரி நெஞ்சு கரிக்குது என்றது, சோடா குடித்தது, விடியக்காலம் வேர்த்தது, காரில் வைத்துக் கொண்டுபோனது. பாதியில் நங்கை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். லோகப்பிரியா எடுத்துக்கொண்டாள். "என்ற கையப் புடிச்சவரு வுடவேயில்லீங்க சித்தப்பா. போனதுக்கப்பறமும் வுடல. நர்சம்மா வந்துதான் வெரலு வெரலாப் பிரிச்சுவுட்டாங்க. அம்மாவுக்கு மயக்கம், இவரு டாக்டருகிட்ட ஓடிட்டாரு. எல்லாருக்கும் சொல்லோணுமேன்னு போன மடியில வெச்சு, அந்த மைக்கு பட்டனத் தொட்டுட்டு வாயாலயே சொன்னேனுங்க. அதுவே எழுதிக்கிச்சு." எனக்குக் காதுக்குள் தறி ஓடியது. வாயால் சொன்னாளா. அப்போது அந்த "ம்" இரண்டும்… ஐயோ, பிள்ளை விக்கியிருக்கிறாள், அதைப் போன் "ம்" என்று எழுதியிருக்கிறது, நான் அதற்கு மேல் சிவப்புப் பேனா வைத்திருக்கிறேன். ஒவ்வொரு "வந்து"வுக்கும் ஒருமுறை மூச்சு வாங்கியிருப்பாள். நான் எண்ணினேன். ஐந்து என்று எண்ணிச் சொன்னேன்.

இப்போது சொல்லிவிட வேண்டும், கண்ணு, சித்தப்பன் தெரியாமப் பண்ணிப்போட்டேன், மன்னிச்சுரு சாமி, இவ்வளவுதான், என் வாய் திறக்கிறது, அதற்குள் அவளே, "நீங்க எழுதி அனுப்புனீங்களே சித்தப்பா, அதத்தானுங்க ஞாபகத்துல வெச்சிருந்து அப்பறம் எல்லாருக்கும் அனுப்பிச்சேன். மில்லுக்கு, அப்பா கூட்டாளிகளுக்கு, எல்லாருக்கும்" என்றாள். எந்தக் குரலில் சொன்னாள்? நான் சத்தியமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், காது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் என்னால் சொல்ல முடியவில்லை. உதவியாக இருந்ததுங்க என்பதா? பெற்றவன் சாவுக்குக்கூட எனக்கு ஒரு வரி சொந்தமாக விட்டுவைக்கவில்லையே என்பதா? முகத்தைப் பார்த்தேன், முகத்தில் களைப்புதான் இருந்தது. "கண்ணு இப்ப எப்படீங்க?" என்றும் கேட்டாள். "பரவால்ல கண்ணு, நாலு வேள சொட்டு மருந்து ஊத்தறேன்" என்றேன். முப்பத்து நாலு வருஷம் தமிழோடு மல்லுக்கட்டியவனுக்கு அந்த நேரத்தில் கிடைத்த வாக்கியம் அது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்தேன், அவர்களும் எழுந்தார்கள், போகிறேன் என்று சொல்லக்கூடாது, தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்து செருப்பை மாட்டினேன், லோகப்பிரியா நிலைப்படியில் நின்றாள், நான் திரும்பவில்லை, முறைப்படி வந்துவிட்டேன். முறை, முறை. நம் முன்னோர்கள் என்னைப் போன்ற கோழைகளுக்காகவே ஏற்படுத்திவைத்தார்களோ என்னவோ.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாந்தாமணி கேட்பாள், குடைந்து குடைந்து கேட்பாள், அதற்கு இப்போதே அடுக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. நாற்காலி எப்படிப் போட்டார்கள், தெரியும். நங்கை எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள், தெரியும். லோகப்பிரியா எத்தனை தரம் என் பக்கம் பார்த்தாள், மூன்று தரம், கடைசித் தரம் கொஞ்சம் கூடுதல் நேரம். அண்ணன் போட்டோ எது வைத்திருக்கிறார்கள் என்று கேட்பாள், அவளுக்கு அதெல்லாம் வேண்டும், கல்யாணத்தில் எடுத்ததா, பழசா, மாலை பூவா, சந்தன மாலையா… போட்டோ. விளக்குக்குப் பின்னால்தான் வைத்திருப்பார்கள். எனக்கு நேர் எதிரே. சட்டை வெள்ளையா? மீசைக்கு மை போட்டதா, போடாததா? சிரிக்கிற போட்டோவா? முக்கால் மணி நேரம் அதற்கு எதிரில்தானே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன், வெயில் சுள்ளென்று கண்ணில் குத்தியது, எவ்வளவு யோசித்தும் விளக்குதான் வருகிறது, அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. "இருகூர் பிரிவு யாருங்க" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். இறங்கலாமா? துக்கம் கேட்டுவிட்டுக் கிளம்பினவன் பாதி வழியில் திரும்பக்கூடாது என்பார்கள். யார் என்ன நினைக்கிறார்கள் என்று அத்தனை பேர் முகத்தையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டு நாளாகவே பார்க்கவில்லை. பஸ் நின்றது, இரண்டு பேர் இறங்கினார்கள், எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நீங்க இறங்கறீங்களாங்க, இல்லீங்களா?" என்று கண்டக்டர் கேட்டார்.