நிகத்தின் மாலை

கோட்டாரி சேட் துணி முடிச்சை அவிழ்த்துப் பட்டறைப் பலகையில் மாலையை வைத்தபோது, முஸ்தகீம் அதை முகப்புப் பக்கம் பார்க்கவேயில்லை. புரட்டிப் போட்ட வாக்கிலேயே தெரிந்துவிட்டது. பின்பக்க மீனா எனாமல் வேலையில் இரண்டு பச்சைக் கிளிகள், ஒன்று மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஆறு வருடத்துக்கு முன்னால் தங்கச்சி நிகத்தின் நிக்காஹுக்கு அவன் கையாலேயே கல் பதித்த மாலை. ரெண்டு கிளியும் ஒரே மாதிரி பார்த்தால் சப்பென்று இருக்கிறது, ஒன்று கோபித்துக்கொள்ளட்டும் என்று அடம்பிடித்தவள் அவள்தான்.

"டோங்க்குல இருந்து ஒரு ஏஜெண்ட் கொண்டாந்தான். கல்லை மட்டும் சேதமில்லாம எடுத்துக் குடு. தங்கத்தை இன்னைக்கே உருக்கிடணும்" என்றார் சேட்.

டோங்க்கில்தான் நிகத்தின் மாமியார் வீடு.

"சேட், யார் வித்தாங்கன்னு தெரியுமா?"

"நம்ம தொழில்ல அதெல்லாம் கேக்குற வழக்கமா? என்னப்பா, புதுசா கேக்குற!"

"நாளைக்குத் தரட்டுமா?"

"முடியாதுன்னா சொல்லு. காட் கேட் பட்டறைல வேற ஆள் பாத்துக்கறேன்."

வேறு ஆள் என்றால் நெருப்பில் போட்டு அவசரத்தில் நெம்புவான். மரகதம் பொறுக்காது. முஸ்தகீம் தலையசைத்தான். சேட் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் படியிறங்கினார்.

அவன் நிகத்துக்குப் போன் போட்டான். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தாள்.

"என்ன பாய்ஜான், இந்த நேரத்துல? வேலை இல்லியா?"

"சும்மாதான். சாப்ட்டியா?"

"ஆச்சு, ஆச்சு."

"உன் மாலை பத்திரமா இருக்கா?"

யாரோ கதவு சாத்தும் சத்தம். பிறகு அவள் சிரித்தாள். சின்ன வயதில் பொய் சொல்லும்போது சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

"பீரோவுல இருக்கு. ஈத் அன்னிக்குக்கூடப் போட்டேன். உன் கிளி இன்னும் கோவமாத்தான் இருக்கு, போ."

"நான் வேணா அங்க வரவா? ஒரு வாரம் நம்ம வீட்ல வந்து இரேன்."

"எதுக்கு? இங்க எனக்கு என்ன கொறச்சல்? நீ வராதே பாய்ஜான். அத்தைக்கு உடம்பு சரியில்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இப்ப வராதே."

இணைப்பு அறுந்தது.

டோங்க் போய் நிற்கலாம். எந்த முகத்தோடு? மாலை எங்கே என்று கேட்டால், மாமியார் வீட்டார் முதலில் அவளைத்தான் பார்ப்பார்கள். யார் சொன்னது, யாரிடம் அழுதாய் என்பார்கள். அவன் பஸ் ஏறித் திரும்பிவிடுவான். அவள் அங்கேதான் இருக்க வேண்டும். கேட்காமல் இருந்தால் மட்டும் அவளுக்கு என்ன நல்லது நடந்துவிடப் போகிறது என்பதும் அவனுக்குத் தெரியவில்லை.

கரியை ஊதி, மாலையை இடுக்கியால் பிடித்துச் சூட்டில் காட்டினான். உள்ளேயிருந்த அரக்கு மெல்ல இளகி மணத்தது. கல்லைச் சுற்றி அவன் அழுத்தியிருந்த தங்கத் தகட்டை ஊசி முனையால் நிமிண்டினான். முதல் மரகதம் கழன்று கிண்ணத்து வெதுவெதுப்பான தண்ணீரில் விழுந்தது. அடியில் ஒளிக்காக வைத்த வெள்ளித்தாள் பிரிந்து மிதக்க, கல் வெளிறிப்போய்க் கிடந்தது.

மூன்றாவது கல்லில் இருக்கும்போது போன் அடித்தது. நிகத். அரக்கு ஒட்டிய விரலோடு எடுத்து, காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டான்.

"சொல்லு நிகத்."

குழாயில் தண்ணீர் கொட்டுவதும், அதற்குள்ளே அவள் விம்மி மூச்சு இழுப்பதும்தான் கேட்டது. போனை வைக்கவில்லை. அரக்கு ஆறிக்கொண்டிருந்தது, ஆறி இறுகினபின் நெம்பினால் கல் விரிசல் விடும். கழுத்தைச் சாய்த்தபடியே, சத்தம் அவளுக்குக் கேட்டுவிடாமல், அடுத்த கல்லை ஊசியால் தூக்கி உள்ளங்கையில் வாங்கினான்.