விடியற்காலையில் வீட்டில் நிற்கிற ஆள்

காலை ஐந்து மணிக்கு என் மனைவி இரத்தினம்மா என்னை வீட்டைவிட்டுத் துரத்தத் தொடங்குவாள். ஐந்தரைக்குள் அது ஊருக்கே கேட்டுவிடும்.

"ஆர் நீர்? ஆரின்ரை வீடெண்டு நினைச்சு இஞ்சை படுத்திருக்கிறீர்?"

"நான்தானடி, சீவரத்தினம். உன்ரை புருசன்."

"என்ரை மனிசன் கடலிலை நிக்கிறார். மரியாதையா வெளியிலை போம்."

மறதி நோய் வந்து இரண்டு வருடம். மத்தியானத்துக்குப் பிறகு பரவாயில்லை. என் பெயர் தெரியாவிட்டாலும் பக்கத்தில் இருந்து சாப்பிடுவாள். விடியற்காலைதான் பேய்க்கூத்து. அவளோடு வாதாட வேண்டாம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். சொல்வது லேசு. அவர்களை யாரும் வாசல் கூட்டுகிற தும்புத்தடியால் அடிப்பதில்லை.

போன கிழமை நான் கண்ணயர்ந்த நேரம் வேலிப் படலையைத் திறந்துகொண்டு கரைக்குப் போய்விட்டாள். என் வள்ளத்தைத் தேடி இடுப்பளவு தண்ணீரில் இறங்கியும் விட்டாள். அந்த நேரம் மீன்பிடித்துத் திரும்பி வந்த ஊர்ப் பொடியன் ஜெயரூபன் கண்டபடியால் உயிர் தப்பினாள். அன்றிலிருந்து படலைக்குப் பூட்டு, சாவி என் மடியில். இப்போது நான் அந்நியன் மட்டுமல்ல, அவளை அடைத்து வைத்திருக்கிறவனும்கூட.

நேற்று மருந்துக் குளிசையை என் முகத்தில் துப்பினாள். நான் வைத்துக் கொடுத்த தேத்தண்ணியை வாசலில் ஊற்றினாள்.

"விடியிற நேரத்திலை ஒரு ஆம்பிளை வீட்டிலை நிக்கிறதே? என்ரை மனிசன் வந்து கண்டால் என்ன நினைப்பார்?"

எனக்கு விசர் பிடித்துவிட்டது. "எங்கையடி அந்தாள்? வரச் சொல்லு, நானும் பாக்கிறன்" என்று கத்தினேன். சத்தம் கேட்டு அடுத்த வளவிலிருந்து மகள் கஜானி ஓடிவந்தாள்.

"அப்பா, அம்மாவோடை ஏன் கொழுவுறியள்?"

"நான் கொழுவுறனோ? இந்தா சாவி. நீயே வைச்சுப் பார்."

சாவியை அவள் கையில் போட்டுவிட்டுக் கரைக்கு நடந்தேன். இனித் திரும்பிப் போவதில்லை என்றே நினைத்தேன். உண்மையைத்தான் சொல்கிறேன்.

ஜெயரூபனின் வள்ளம் அப்போதுதான் கரைக்கு வந்தது. என் கை சும்மா இருக்கவில்லை, தண்ணீரில் இறங்கி இழுத்துக் கொடுத்தேன். கட்டியிருந்த சாரம் தொடைவரை நனைந்தது. ஒரு பெரிய விளைமீனும் ஒரு சின்னதும் ஓலைப் பறியில் போட்டுத் தந்து, "மாமிக்குக் குடுங்கோ" என்றான். வேறு போக்கிடம் எனக்கு ஏது? வீட்டுக்குத்தான் வந்தேன்.

படலையடியில் கஜானியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்ற இரத்தினம்மா, என்னைக் கண்டதும் கையை விட்டாள். நனைந்த சாரத்தைப் பார்த்தாள். பறியை வாங்கிக்கொண்டாள்.

"ஏனப்பா இவ்வளவு நேரம்? காத்து கூடவோ?"

நாற்பத்து மூன்று வருடம் கடலுக்குப் போனவன் நான். அந்தக் காலத்தில் விடியும்போது நான் வீட்டில் நின்றதேயில்லை, இந்தப் படலையால் வந்துதான் பழக்கம். அவளுக்கு அது மறக்கவில்லை. எனக்குத்தான் மறந்துபோயிற்று. சந்தோசமாக இருந்தது, என்மேல் எரிச்சலாகவும் இருந்தது.

"ஓம், காத்து" என்றேன்.

கஜானி எடுத்துத் தந்த குளிசையை என் கையிலிருந்து வாங்கி விழுங்கினாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"உள்ளுக்கை ஒரு கிழவன் இருக்கிறான். படலையைப் பூட்டிப்போட்டு என்னை விடுறானில்லை. நல்லாக் கத்துவான்."

"துரத்திவிடட்டோ?"

"வேண்டாம், பாவம். இரவிலை நான் எழும்பினால் அவனும் எழும்பி லைற் போடுவான். இரவிலை கிடக்கட்டும். நீங்கள் வாற நேரத்திலை மட்டும் வெளியிலை நிக்கச் சொல்லுங்கோ."

பறிக்குள் கைவிட்டுப் பெரிய மீனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இதை அவனுக்குக் குடுங்கோ."

வாங்கிக்கொண்டேன். இன்று நாலரைக்கு, அவள் விழிக்க முதல், கஜானியைக் கூப்பிட்டு இருத்திவிட்டு, இரத்தினம்மா சொன்னபடியே கிழவன் வெளியே போனான்.