‘ம்’ கொட்ட ஓர் ஆள்

பல் டாக்டருக்கு மொத்தமே மூன்று வாக்கியங்கள்தான் தெரியும் என்பது அவர் மனைவியின் கட்சி. ‘வாயைத் திறங்க’, ‘துப்புங்க’, ‘மூடுங்க’. இது அபாண்டம் என்று அவருக்காக வாதாட எனக்கும் ஆசைதான். ஆனால் கல்யாணமான புதிதில் ஒருநாள், புதிதாகத் தைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்று, “எப்படி இருக்கு?” என்று அவள் சிரித்தபோது, கிட்டே வந்து உற்றுப் பார்த்து, “மேல் வரிசையில லேசா கறை இருக்கு” என்று சொன்ன மனிதர் அவர். அப்படிப்பட்டவருக்கு யார் வக்காலத்து வாங்குவது?

கிளினிக் வீட்டின் முன்னறை. பின்னால் இரண்டு அறைகளில் குடித்தனம். நடுவில் ஒரு கதவு. மனைவி காலையில் அந்தக் கதவைத் தாண்டி முன்னால் வந்து டோக்கன் கொடுப்பாள். சாயங்காலம் அதே கதவைத் தாண்டிப் பின்னால் போய் அடுப்பைப் பற்றவைப்பாள். கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் டாக்டர் பேசியது ஒரே அளவுதான். அவளும் நாளாக ஆகத் தன் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். குறைக்காமல் சுவரோடா பேசுவாள்?

இந்த லட்சணத்தில்தான் மாமனாருக்குப் பல்வலி வந்தது.

அவர் கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் நின்று ஒவ்வொரு பேரையும் மூன்று முறை கூவிக் கூப்பிடுவது அவர் வேலை. கூப்பிட்டவன் உள்ளே போவான். கதவு சாத்திக்கொள்ளும். அடுத்த பேரைக் கூவ வேண்டும். எத்தனையோ கொலை, எத்தனையோ களவு, எத்தனையோ பாகப்பிரிவினை எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அவர் காதில் விழுந்திருக்கிறது. ஒன்றுக்காவது முடிவு விழுந்ததில்லை. அந்தக் குறை அவரைப் பல்வலிக்கும் முன்பிருந்தே அரித்துக்கொண்டிருந்தது.

கடைவாய்ப் பல் சீழ் பிடித்து, கன்னம் பன்னு மாதிரி உப்பிவிட்டது. மருமகன் டாக்டர், நாற்காலி நாலடி தூரம். ஆனாலும் கிழவர் வாயைத் திறக்க மறுத்துவிட்டார்.

“பேசத் தெரியாத ஆளை நம்பி நான் எப்படிம்மா வாயத் தெறக்கிறது? உள்ள என்ன பண்ணாருன்னு கேட்டா, துப்புங்கம்பாரு” என்று பல்லைக் கடித்தபடியே மகளிடம் சொன்னார்.

மகள் அழுதேவிட்டாள். “என்னங்க, விஷம் ரத்தத்துல கலந்துட்டா உசுருக்கே ஆபத்துன்னு நீங்கதானே மத்தவங்களுக்குச் சொல்லுவீங்க. நம்ம வாசல் போர்டைத் தாண்டி எங்கப்பாவ எதிர் தெரு டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போகணுமா? அவருக்குக் கதைன்னா உசுரு. யாராவது கதை சொன்னா வாயைப் பிளந்துட்டுக் கேப்பாரு. ஒரு கதை சொல்லி அவர வழிக்குக் கொண்டுவர உங்களுக்குத் துப்பிருக்கா?”

வேறு யாராக இருந்தாலும் இதில் தன் துப்பில்லாத்தனத்தைத்தான் கேட்டிருப்பார்கள். பல் டாக்டர் காதில் விழுந்தது ‘வாயைப் பிளந்துட்டு’ என்பது மட்டும்தான்.

“எவ்வளவு பிளப்பாரு?” என்று கேட்டார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் மாமனாருக்கு ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, அன்று சாயங்காலமே கதை சொல்லக் கற்றுக்கொள்ளப் போய்விட்டார்.

வகுப்பு நடந்தது பழைய சாமான் ஏலக்கூடத்தில். நடத்தியவள் அந்தக் கூடத்தின் ஏலக்காரம்மா. பகலில் பீரோவையும் கட்டிலையும் விற்கும் அதே தொண்டையால் மாலையில் கதைப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். விலை போகாத சாமான்கள்தான் மாணவர்களுக்கு ஆசனம். டாக்டருக்கு வாய்த்தது ஒரு பழைய சலூன் நாற்காலி. அதில் சாய்ந்ததும் பழக்க தோஷத்தில் அவரே வாயைத் திறந்துகொண்டார்.

“வாய மூடுங்க டாக்டர்” என்றாள் ஏலக்காரம்மா. “முதல் பாடமே அதுதான். கதைங்கறது ஏலம். நீங்க ஒரு வரி சொல்றீங்க, அது சாமான். கேக்குறவன் ‘ம்’னு சொன்னா விலை கேட்ட மாதிரி, கேள்வி ஏறுது, அடுத்த வரிக்குப் போலாம். சொல்லலேன்னா?” சுத்தியலை ஓங்கினாள். “ஒருதரம். ரெண்டுதரம். மூணுதரம்!” மேஜை அதிர்ந்தது. “கதை போச்சு. யாருக்கும் வேண்டாத சாமானைக் கத்திக் கத்தி விக்கிறதுக்குப் பேரு கதை இல்ல, தொல்லை.”

டாக்டர் கையைத் தூக்கினார். “‘ஆ’ன்னு சொன்னா?”

“ ‘ஆ’ செல்லாது. வலிச்சாலும் ‘ஆ’தான், கொட்டாவி விட்டாலும் ‘ஆ’தான். ‘ம்’ மட்டும்தான் கேள்வி.”

டாக்டருக்குக் கொடுக்கப்பட்ட கதை, வீட்டுச் சாவியை முழுங்கிய ஒருவனின் கதை. வீடு பூட்டிக் கிடக்கிறது, உள்ளே அவன் மனைவி. நல்ல சரக்குதான். ஆனால் டாக்டர் கையில் சிக்கினால் என்ன ஆகும்? சாவிக்கு எத்தனை பல், ஒவ்வொரு பல்லும் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று அவர் ஆரம்பித்ததும் கூடம் முழுக்கக் கொட்டாவி. ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். சுத்தியல் விழுந்தது. மறுநாளும் விழுந்தது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து பயந்து, ‘ம்’ கேட்காவிட்டால் அவருக்கு நாக்கு மட்டுமில்லை, கையும் மரத்துப்போக ஆரம்பித்தது. போகப் போகச் சாவியின் பற்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, தட்டுத் தடுமாறிப் பாதிக் கதைவரை வந்துவிட்டார். பூட்டுக்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு, சாவி முழுங்கியவனின் வாய்க்குள் தலையை விடுகிறார். அதோடு வாரம் முடிந்தது.

“அப்புறம்? முடிவு?” என்று டாக்டர் பதறினார்.

“முடிவு தனி வகுப்பு” என்றாள் ஏலக்காரம்மா. “அடுத்த மாசம்.”

மாமனாருக்கு அடுத்த மாசம் வரை தாங்காது. மாத்திரை தீர்ந்தது, காய்ச்சல் வந்தது. மறுநாள் காலையில் மனைவி ஒரு பையில் அப்பாவின் துணிமணியை எடுத்து வைத்துக்கொண்டு, எதிர் தெருவுக்குக் கிளம்பத் தயாராக நின்றாள். கிழவர் பெஞ்சில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். டாக்டர் வழியை மறித்தார்.

“மாமா, ஒரு ஊர்ல ஒருத்தன் தன் வீட்டுச் சாவிய முழுங்கிட்டான்.”

மாமனாரின் நடுக்கம் நின்றது. “யார் வீட்டுச் சாவி?”

“அவன் வீட்டுச் சாவிதான். உள்ள அவன் பொண்டாட்டி மாட்டிக்கிட்டா.”

“ம்” என்றார் மாமனார்.

அந்த ‘ம்’ முடிவதற்குள் டாக்டர் அவரை எழுப்பிவிட்டார். அடுத்த ‘ம்’முக்கு நாற்காலியில் உட்கார வைத்தார். “அக்கம்பக்கத்து ஆளுங்க எல்லாம் கூடி அவன வாயத் தெறக்கச் சொன்னாங்க. அவன் இப்படித் தெறந்தான்” என்று தானே திறந்து காட்ட, கிழவரும் தன்னையறியாமல் திறக்க, மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டார். மனைவி பையைக் கீழே வைத்தாள்.

வம்பு அதற்கப்புறம்தான் வந்தது. பல் வர வேண்டுமென்றால் வாய் திறந்திருக்க வேண்டும். கதை வர வேண்டுமென்றால் ‘ம்’ வர வேண்டும். ‘ம்’ வர வேண்டுமென்றால் வாயை மூட வேண்டும். இது ஒன்றும் பெரிய வேதாந்தம் இல்லை, நீங்களே சொல்லிப் பாருங்கள். கிழவர் ஒழுங்காக ‘ம்’ கொட்டியபோது டாக்டரின் விரல் நடுவில் இருந்தது. அவர் விரலை உதறிக்கொண்டு “வாயைத் திறங்க” என்றார். கிழவர் திறந்தார். கதை நின்றுவிட்டது. கதை நின்றதும் வாய் மூடிக்கொண்டது.

“சொல்லுங்க மாப்பிள்ளை.”

“நீங்க தெறங்க மாமா.”

“தெறந்தா நிறுத்திடுறீங்களே. இதென்ன, வாய்தா மேல வாய்தா?”

இப்படியே இழுத்துக்கொண்டு கதை பூட்டுக்காரரிடம் வந்து சேர்ந்தது. “பூட்டுக்காரர் டார்ச்ச அடிச்சிக்கிட்டு அவன் வாய்க்குள்ள தலைய விட்டாரு. கழுத்து வரைக்கும் விட்டாரு. உள்ள பாத்தா…”

மாமனாரின் வாய் பிளந்தது. மகள் சொன்னது பொய்யில்லை. கடைவாய் வரை தெரிந்தது, சீழ் பிடித்த பல் நன்றாகத் தெரிந்தது. இதைவிட நல்ல நேரம் அமையாது. டாக்டர் இடுக்கியைப் பல்லில் பொருத்தினார். ஆனால் ‘ம்’ வரவில்லை. பிளந்த வாயிலிருந்து எப்படி வரும்? டாக்டரின் நாக்கு ஒட்டிக்கொண்டது. கை நகர மறுத்தது. காதுக்குள் சுத்தியல் ஓங்குவது கேட்டது.

“ஒருதரம்” என்று அவர் வாயே முனகியது.

“ஆ… ஆ…” என்று கெஞ்சினார் மாமனார். ‘ஆ’ செல்லாது.

“ரெண்டுதரம்.”

மூன்று முறை கூப்பிட்டு ஆள் வராவிட்டால் என்ன ஆகும் என்பது கோர்ட் வாசலில் காலம் கழித்தவருக்குத் தெரியாதா? அவர் கண்ணில் தண்ணீர் கட்டியது. கீழ்த்தாடை மேலேறத் தொடங்கியது.

“ம்!”

கதவோரத்திலிருந்து வந்தது. மனைவி. எத்தனையோ வருஷமாக அவர் பேச்சுக்கு அவள் கொட்டாத ‘ம்’.

டாக்டருக்கு உடம்பெல்லாம் உயிர் வந்தது. “உள்ள பாத்தா அங்க ஒரு கதவு!” என்று கத்தினார்.

“ம்!”

“பூட்டுக்காரர் கதவத் தட்டுனாரு!”

“ம்!”

“உள்ள இருந்து ‘யாரது’ன்னு ஒரு குரல்! பாத்தா, அவன் பொண்டாட்டி!” என்று முடிப்பதற்குள் பல் இடுக்கியோடு வெளியே வந்துவிட்டது. வகுப்பில் இல்லாத இந்த வரிகள் எங்கிருந்து வந்தன என்று அவருக்கே தெரியவில்லை. மனைவி ஓடி வந்து அப்பாவின் நெற்றியைத் துடைத்தாள். அழுகையும் சிரிப்புமாக அவளுக்கு மூச்சு வாங்கியது.

டாக்டர் பல் பிடுங்கிய இடத்தில் பஞ்சை வைத்தார். “கடிச்சுக்கங்க மாமா. ரத்தம் நிக்கிற வரைக்கும் வாயத் தெறக்கக் கூடாது. மூடுங்க.”

மாமனார் கடித்து மூடிக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார். மருமகனின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“ம்” என்றார்.

டாக்டர் சட்டையை இழுத்துப் பார்த்தார்.

“ம்ம்!” இந்தத் தடவை கதவு சாத்திக்கொள்ள அவர் விடப்போவதில்லை. வாழ்க்கையில் ஒரு கதைக்காவது முடிவு கேட்காமல் அந்த நாற்காலியை விட்டு இறங்குவதாக இல்லை.

டாக்டரிடம் முடிவு இல்லை. அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். பல்லைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

“எனக்குத் தெரியல. கதவ எப்படித் தெறந்தாங்க?” என்றார். தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு அவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அவள் அப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அவசரப்படவில்லை.

“உள்ள இருந்தவகிட்ட இன்னொரு சாவி எப்பவுமே இருந்துச்சு. அந்த மனுஷன் ஒரு நாளும் அவளக் கேக்கல, அவ்வளவுதான்.”

மாமனார் திருப்தியாக ஒரு ‘ம்’ போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் வாயைப் பிளந்தபடி நின்றார்.

“மூடுங்க” என்றாள் மனைவி. “கதை இன்னும் இருக்கு. ஒருதரம்.”

அவர் அவசரமாக வாயை மூடிக்கொண்டார்.

“ம்.”