ஏழு தலை

கத்திரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டால் அந்த முடிதிருத்துபவருக்கு வாயும் சேர்ந்து ஓடும். அன்று காலை மளிகைக்கடைக்காரரின் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது, சலூனுக்குப் பின்னாலிருந்த முடிதிருத்துபவரின் வீட்டிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. கொரியப் பாட்டு. விடுமுறை நாளென்றால் மகள் கண் விழிப்பதே அந்த வீடியோக்களில்தான்.

“என்னய்யா இது, காலங்காத்தால?” என்றார் மளிகைக்கடைக்காரர்.

“எல்லாம் எங்க வீட்டு மகாராணி பண்ற வேலை. ஏழு பசங்க ஆடுவானுங்க. ஏழு பேருக்கும் ஒரே மூஞ்சி! ஒருத்தனையே ஜெராக்ஸ் எடுத்து ஆட விட்டிருக்கான்.”

கடையே சிரித்தது. அப்பாவுக்குத் தேநீர் கொண்டுவந்த மகள் வாசலிலேயே நின்றாள். “தெரியாம பேசாதீங்கப்பா” என்று மட்டும் சொல்லி, டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். பெஞ்சில் காத்திருந்த இளைஞனும் சிரிக்கவில்லை. தூரத்து வடகிழக்கு மலைப்பகுதியிலிருந்து பிழைக்க வந்தவன் அவன். அவன் முகம் வாடியதை யாரும் கவனிக்கவில்லை.

முடிதிருத்துபவருக்கு ஒரு பெருமை உண்டு. தன் நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்த தலையை அவர் மறக்க மாட்டாராம். முதுகைக் காட்டிக்கொண்டு போகிறவரைக்கூட உச்சிச் சுழியைப் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடுவார். அதனால் பழைய ஆட்களிடம் எப்படி வெட்ட வேண்டும் என்று அவர் கேட்பதே இல்லை.

தன் முறை வந்ததும் இளைஞன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அதே மலைப்பக்கத்திலிருந்து வந்த பேக்கரித் தம்பிதான், ரொம்ப நாளாக வராததால் முடி வளர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டார் அவர். மிஷினை எடுத்துப் பிடரியிலிருந்து மேல்நோக்கி ஒரே இழுப்பு இழுத்தார்.

இளைஞன் துள்ளி எழுந்தான். “ஐயோ! என்னண்ணே பண்ணிட்டீங்க? ஓரம் மட்டும் சரிபண்ணத்தானே வந்தேன்?”

“எப்பவும் ஒட்டத்தானே வெட்டிக்குவ?”

“அது பேக்கரில வேலை செய்யறவன். நான் டைல்ஸ் ஒட்டறவன். உங்ககிட்டயே நாலு தடவை வந்திருக்கேன்.” அவன் பிடரியைத் தடவிப் பார்த்தான். “சாயங்காலம் எங்களுக்கு டான்ஸ் போட்டி. நாங்க ஏழு பேர். ஆளுக்கு ஒரு கொரியப் பாடகர் மாதிரி ஆடறோம். என்னோட பாடகருக்குக் கழுத்து வரைக்கும் முடி. ஆறு மாசமா வளர்த்தேன். மத்த ஆறு பேர் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”

அவர் மிஷினை அணைத்துக் கீழே வைத்தார். கொஞ்ச நேரத்துக்கு முன் எல்லோரையும் சிரிக்க வைத்த ‘ஒரே மூஞ்சி’ பேச்சு அவருக்கே நினைவுக்கு வந்தது.

சத்தம் கேட்டு மகள் ஓடி வந்தாள். எந்தப் பாட்டு, எந்தப் பாடகர் என்று இரண்டே கேள்விதான் கேட்டாள்.

“அவரா? அவர் முதல் வீடியோல முடியை ஒட்ட வெட்டியிருப்பாரே! காதுக்கு மேல ஒரு கோடு இருக்கும். அப்பா, இதைப் பாருங்க. உங்களால முடியும்.”

அவர் கைபேசியைக் கண்ணருகே பிடித்துக்கொண்டார். முதல் தடவை ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் தடவை தொழில் கண் விழித்துக்கொண்டது. ஒருவனுக்கு நெற்றியில் முடி ஏறியிருந்தது. ஒருவனுக்கு இரட்டைச் சுழி. இன்னொருவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கற்றை அடங்காமல் நின்றது. மூன்றாம் தடவை ஆட்டத்தையும் பார்த்தார். முன்னால் நின்று பாடியவன் கண் இமைப்பதற்குள் பின்னால் போக, இன்னொருவன் அந்த இடத்துக்கு வந்தான். ஒரு தோள் இன்னொரு தோளில் இடிக்கவில்லை. ஏழு பேரின் கால்களும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன.

“அடேயப்பா! இதுக்கு எத்தனை நாள் பயிற்சி எடுத்திருப்பானுங்க!” என்றார் தன்னை மறந்து.

“சில பேர் வருஷக்கணக்கா எடுப்பாங்கப்பா.”

அவர் இளைஞனின் தோளில் கை வைத்தார். “தப்பு என் மேலதான் தம்பி. உன்னைப் பார்க்காமலே வெட்டிட்டேன். இந்தக் கோடு மாதிரி போட்டுத் தரட்டுமா?”

இளைஞன் வீடியோவைப் பார்த்தான், தலையாட்டினான். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் முடிதிருத்துபவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை அந்தத் தெரு இன்றும் சொல்லிச் சிரிக்கும்.

மாலையில் கடையைச் சாத்திவிட்டு மகளோடு அவரும் போட்டிக்குப் போனார். வேடிக்கை பார்க்க மளிகைக்கடைக்காரரும் ஒட்டிக்கொண்டார். மேடையில் ஏழு பேரும் சுழன்று ஆடியபோது கூட்டம் எழுந்து நின்று கத்தியது. மகள் தொண்டை கட்டும்வரை கத்தினாள். முடிதிருத்துபவர் அதற்கும் மேலே விசில் அடித்தார்.

“எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. இதுல நீ முடி வெட்டின பய எவன்யா?” என்று கேட்டார் மளிகைக்கடைக்காரர்.

“இடது பக்கம் மூணாவது ஆள்” என்றார் அவர், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அண்ணாச்சி, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்கன்னு நமக்குத் தோணுச்சுன்னா, கோளாறு அவங்க மூஞ்சில இல்ல. நாம இன்னும் ஒருத்தரைக்கூட ஒழுங்கா பார்க்கலைன்னு அர்த்தம்.”